துபாய்க்கு நாமதான் பக்கம்... ஆனா விமானம் டாக்காவுக்கு!



ஒரு சின்னக் கணக்கு. மொபைலை எடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

கோவை விமான நிலையத்தில் இருந்து துபாய்க்கு வான்வழி தூரம் சுமார் 2,780 கிலோமீட்டர். வங்கதேசத்தின் டாக்காவில் இருந்து துபாய்க்கு சுமார் 3,540. பனியன் தொழில்ல நம்ம நேரடிப் போட்டியாளரை விட நாம 760 கிலோமீட்டர் பக்கத்துல இருக்கோம். நேரடியா பறந்தா நமக்கு நாலு மணி நேரம், அவங்களுக்கு அஞ்சுக்கு மேல.

ஆனா எமிரேட்ஸ் விமானம் டாக்காவில் இறங்குது. கோவையில் இறங்க அனுமதி இல்ல!

காரணம் தூரம் இல்ல, காகிதம். துபாய் விமான நிறுவனங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊருக்கு வரலாம்னு இருதரப்பு ஒப்பந்தத்துல ஒரு பட்டியல் இருக்கு. சென்னை இருக்கு, கொச்சி இருக்கு, கோவை இல்ல. ஷார்ஜாவுக்குத் தனி ஒப்பந்தம். அதனால ஏர் அரேபியா கோவைக்கு வருது.

"கொச்சிக்குப் போய் ஏற வேண்டியதுதானே?"னு கேக்கலாம். சேவூர்ல இருந்து அவிநாசி வழியா கோவை ஏர்போர்ட் ஒரு மணி நேரம். கொச்சி ஏர்போர்ட்டுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். துபாய்க்குப் பறக்கற நேரம் ரோட்டுலயே போயிடுது.

துபாய் நமக்கு ஒரு ஜங்ஷன். அங்கிருந்து லண்டன், ஹாம்பர்க், நியூயார்க்னு பையர் இருக்கற எல்லா ஊருக்கும் விமானம் இருக்கு. திருப்பூர் ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டியாச்சு. ஆனாலும் கப்பலை விட்டா அவசரச் சரக்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஏறுது. 2023 கடைசியில செங்கடல் பிரச்சினை வந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுத்தினப்போ பத்து நாளுக்கு மேல தாமதமாச்சே, மறந்துடுமா? ஆர்டர் லேட்டானா விமானச் செலவு தயாரிப்பாளர் தலையில. பெரிய கம்பெனி தாங்கிக்கும். ஜாப் ஒர்க் யூனிட்ல முதல்ல நிக்கறது ஓவர்டைம், அடுத்து ஷிப்ட். காலையில கம்பெனி வேன் ஏறுற நம்ம அக்கா, தங்கச்சிகளோட சம்பளம்தான் அது.

ஓடுதளமும் பேசணும். கோவையில இப்ப சுமார் 3 கிலோமீட்டர். கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் உயரம், கூடவே வெயில். காத்து லேசானா இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். முழுச் சுமையோட பெரிய விமானம் கிளம்ப நீளமான ஓடுதளம் வேணும். விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல எடுத்தாச்சு. நிலம் கொடுத்த குடும்பங்கள் தியாகம் பண்ணிட்டாங்க. வேலை அந்த வேகத்துல நடக்கணும்.

"வெளிநாட்டு விமானத்தை விட்டா நம்ம நிறுவனங்களுக்கு நஷ்டம்"னு டெல்லியில ஒரு வாதம் இருக்கு. நியாயம்தான். இந்திய நிறுவனமே தினமும் கோவை–துபாய் பறக்கட்டும், மாலை போட்டு வரவேற்போம். பறக்காட்டி, வர்றவங்களுக்கு வழியை அடைக்காதீங்க!

மத்திய அரசிடம் நம் கட்சி கேட்பது ரெண்டே:

1. துபாய் ஒப்பந்தப் பட்டியலில் கோவையைச் சேர்க்கணும்.
2. ஓடுதள நீட்டிப்புக்கு முடிவுத் தேதி அறிவிக்கணும்.

வளைகுடாவுல இருக்கற நம்ம ஊர்க்காரங்களே, வீட்டு வாசல்ல இருந்து துபாய் சேர உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு? கமெண்ட்ல எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா கொடுப்போம்.

பகிருங்கள் சொந்தங்களே!

– தகவல் தொழில்நுட்ப அணி, சேவூர்