ஒட்டகத்தைக் கட்டாத தவக்குல்

திருப்பூர்ப் பகுதியில் நம் சமுதாயத்தாரிடையே ஒரு கருத்து வேரூன்றி நிற்கின்றது. முதுமைக்கென்று பொருள் சேர்ப்பது தவக்குலுக்கு மாறானது. வருங்கால வைப்பு நிதி வட்டி கலந்தது, அதனைத் தொடாதிருப்பதே பேணுதல். ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ், பிள்ளைகளும் இருக்கிறார்கள், பின் என்ன கவலை என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இஃது இறையச்சம் போலவே ஒலிக்கின்றது. எடைபோட்டுப் பார்த்தால், மார்க்கத்தின் பெயரால் ஏழைத் தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதியை அவனறியாமலே பறிக்கும் கருத்து இது என்பது விளங்கும். ஆகவே இதனை மறுத்துரைப்பது நம்மீது கடமையாகின்றது.

முதலில் தவக்குலைப் பற்றிச் சொல்வோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதீ அறிவிக்கின்றது. அன்னார் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்துவிட எண்ணிய ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை மூன்றிலொன்றோடு நிறுத்தி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தவிடாமல் விட்டுச் செல்வதே மேல் என்று உணர்த்தியதும் அதே நபியவர்கள்தாம். செழித்த ஏழாண்டுகளில் சேர்த்து, வறண்ட ஏழாண்டுகளில் உண்ண வழி சொன்ன யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் நமக்கு ஏன் சொல்லிற்று? வெறும் கதையாகக் கேட்டுச் செல்வதற்காகவா?

இனி வட்டி என்னும் வாதத்திற்கு வருவோம். ரிபா ஹராம் என்பதில் நமக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆனால் எது ரிபா என்பதை ஃபிக்ஹு கொண்டு தீர்மானிக்க வேண்டுமேயன்றி, டீக்கடைப் பேச்சைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வரவேயில்லை. வராத பணத்தை அவன் கடன் கொடுத்தவன் ஆகான். ஆகவே பின்னர் அதனோடு சேர்ந்து வரும் கூடுதல் ரிபா அன்று. தேவ்பந்த் மரபில் வந்த முஃப்தி முஹம்மது ஷஃபி அவர்கள் இப்பொருளில் தனி நூலே எழுதினார்கள். ஒருவன் தன் விருப்பத்தால் மேலதிகமாகச் செலுத்தும் தொகை வேறு. அதில் பேணுதல் காட்டுவோரை நாம் தடுக்கவில்லை. இன்னும் ஐயம் தீராதவர், அந்தக் கூடுதலை மட்டும் நன்மையை எதிர்பாராது ஏழைக்குக் கொடுத்துவிடட்டும். அசலும், முதலாளி தரும் பங்கும் யாருடையவை? அவற்றை எந்த ஷரீஅத் விலக்கிற்று?

இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓவர்லாக் தைப்பவர் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று கொள்வோம். அவரிடம் 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளியும் 1,800 ரூபாய் செலுத்தியாக வேண்டும். அதில் 1,250 ஓய்வூதியத்திற்கும், 550 வைப்பு நிதிக்கும் போகின்றன. முதலாளியின் பங்கு மட்டும் ஆண்டுக்கு 21,600. இருபதாண்டுக்கு, ஒரு காசும் வளராவிட்டாலும், 4,32,000 ரூபாய்! "அது வட்டிப் பணம், நமக்கு வேண்டாம், கையில் வாங்கிக்கொள்" என்று தொழிலாளிக்கு உபதேசிப்பவர், முதலாளியின் 1,800 ரூபாயையும் சேர்த்துக் கையில் கொடுக்கச் சொல்கிறாரா? இல்லை. இந்தப் பேணுதலால் யார் பை நிறைகின்றது என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

பீஸ் ரேட்டுக்குக் கம்பெனி மாறி மாறிச் செல்லும் நம் தொழிலாளர் செய்யும் மற்றொரு தவறு, மாறுந்தோறும் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது. பத்தாண்டுச் சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. அந்தப் பத்தாண்டு ஒரே கம்பெனியில் இருக்க வேண்டுவதில்லை. பன்னிரண்டு இலக்க எண் ஒன்றே எல்லாக் கம்பெனிக்கும் போதும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டாலோ, சேர்ந்த சேவை அழிந்துபோகும். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் பதினைந்தாண்டு சேவை செய்தவருக்கு 58 வயதில் மாதம் ஏறத்தாழ 3,214 ரூபாய் வரும். அவர் மறைந்தால் விதவைக்கும் பங்குண்டு. இது பெருந்தொகை அன்றுதான். ஆனால் மகனின் முகத்தைப் பார்த்து மருந்துக்குக் கேட்கும் நிலையினின்று காக்கப் போதுமானது. பெற்றோரைப் பேணுவது பிள்ளைக்கு ஃபர்ளு. அதனால் தந்தையின் கடமை நீங்கிவிடாது. அந்த மகனும் அதே பவர் டேபிளில் குனிந்து தைப்பவன்தானே!

வைப்பு நிதியை ஹராம் என்று ஒதுக்கியோர் பணத்தை எங்கே கொண்டு சேர்த்தனர்? ஒரு லட்சத்திற்கு மாதம் இவ்வளவு "ஹலால் லாபம்" என்று சொன்னவர்களிடம்! முளாரபாவில் லாபம் விகிதமாகவே பேசப்பட வேண்டும். இன்ன தொகை என்று முன்னரே உறுதி செய்தால் உடன்படிக்கை செல்லாது. நட்டம் முதலுடையான் மேலது. இதில் மத்ஹபுகளிடையே வேறுபாடில்லை. மாதந்தோறும் மாறாத தொகை தருவேன் என்பவன் தாடி வைத்திருந்தாலும் அது வட்டியே. பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லியே ஆயிரக்கணக்கானோரின் பணத்தை வாங்கி 2019இல் வீழ்ந்தது. நம் திருப்பூரிலேயே பாசி நிறுவனம் எல்லா மதத்தாரையும் ஏமாற்றி 2009இல் கவிழ்ந்தது. அதனை நடத்தியோருக்கு 2022இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது, தையற்காரரின் பதின்மூன்று ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுத்தார்?

இந்நகரின் முதல் பின்னலாலையை 1925இல் நிறுவியவர் குலாம் காதர் சாகிப் என்று சொல்லி நாம் பெருமை கொள்கிறோம். பெருமை மட்டும் போதாது. முதிய யூதர் ஒருவர் கையேந்தி நின்றதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் அவரது உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தியதை இமாம் அபூயூஸுஃப் தம் கிதாபுல் கராஜில் பதிந்துள்ளார்கள். மாற்று மதத்தவருக்கு அந்த நீதி. நம் கட்டிங் மேசையில் முப்பதாண்டு நின்றவருக்கு ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது ஒரு முஸாஃபஹா மட்டுமா?

ஆகவே நாம் சொல்வது இது. இருபது பேருக்கு மேல் வேலை வாங்கியும் காண்ட்ராக்டரின் பெயரில் ஆளைப் பிரித்தெழுதிப் பங்கைச் செலுத்தாத முதலாளி, அதனை அமானிதமாக உணர்ந்து செலுத்தட்டும். ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போட்டு, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குக் கணக்கைப் பார்த்துச் சொல்லட்டும். மிம்பரில் நிற்கும் நம் ஆலிம்கள், வட்டியின் கேட்டை உரைக்கும் அதே மூச்சில், கூலியை மறைப்பதன் கேட்டையும் உரைக்கட்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், உழைத்தவன் உடல் தளர்ந்த பின்னும் கொடாதிருப்பதற்குப் பேணுதல் என்று பெயரில்லை.