ஜாய்ஸ்டிக் யார் கையில்?

வெளிநாட்டில் நம்ம கோலார் தங்கவயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஊரில் இருக்கும் பெரியவர்கள் உடம்பில்தான் வந்து நிற்கும். ஒருத்தர் அப்பாவுக்கு பக்கவாதம், இன்னொருத்தர் மாமாவுக்கு சுரங்கத்தில் பட்ட முதுகு அடி. "ஒரு பவர் வீல்சேர் வாங்கி அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்பார் ஒருவர். அடுத்த கேள்வி உடனே வரும்: "என்ன விலை?"

என்னைக் கேட்டால் விலை மூணாவது கேள்வி. முதல் கேள்வி, வீட்டுக் கதவு எத்தனை அங்குலம்? ரெண்டாவது, ஓட்டப் போவது யார்?

கொஞ்சம் பழங்கதை. இந்தச் சமாச்சாரத்துக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பு உண்டு. மடக்கு வீல்சேரை 1930-களில் உருவாக்கியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் முதுகெலும்பு உடைந்த அமெரிக்க இன்ஜினியர். நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் அவரும் சேர்ந்து செய்தது அது. அதற்கப்புறம், இரண்டாம் உலகப்போரில் கையும் காலும் செயலிழந்த வீரர்களுக்காக கனடாவில் ஜார்ஜ் க்ளைன் மோட்டார் நாற்காலியை வடிவமைத்தார். பின்னாலிருந்து யாரும் தள்ளாமல் தானே போகவேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. நம்ம ஊருக்கோ 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு முன்னாடியே. (சினிமா பார்த்துவிட்டு "நீங்க கே.ஜி.எஃப்-ஆ!" என்று கேட்பவர்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்.)

ஆனால் லைன் வீடுகளைக் கட்டினவன் வீல்சேரை நினைத்துக் கட்டவில்லை. சின்ன வாசல், வாசலில் படி, படியை ஒட்டி சாக்கடை, அதன்மேல் ஆடுகிற ஒரு கல். இங்கே மாலில் வழுக்கிக்கொண்டு போகும் மடக்கு பவர் சேரைப் பார்த்து ஆசைப்படுகிறோம். எடை குறைவுதான், காரில் ஏற்றலாம்தான். ஆனால் அதன் முன்சக்கரங்கள் சின்னவை. சரளையில் மாட்டும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கி நிற்கும்.

ஓட்டும் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இருந்தால் நின்ற இடத்திலேயே திரும்பும், சின்ன வீட்டுக்கு வசதி. பின்னால் இருந்தால் மேடுபள்ளத்தில் நேராகப் போகும், ஆனால் திரும்ப இடம் வேண்டும். ரெண்டும் ஒரே வண்டியில் முழுசாகக் கிடைக்காது. அவர் நாளில் அதிக நேரம் எங்கே இருப்பார், வீட்டிலா தெருவிலா என்பதை அவரையே கேளுங்கள். கைகளில் நல்ல பலம் இருப்பவருக்கு வேறு வழியும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவாகி 2021-ல் வெளிவந்த நியோபோல்ட் என்கிற மோட்டாரை அதற்கேற்ற வீல்சேரின் முன்னால் மாட்டினால் தெருவில் மூன்று சக்கர வண்டி, கழற்றினால் வீட்டுக்குள் சாதா வீல்சேர்.

அமெரிக்காவிலிருந்து அனுப்பும் எண்ணம் இருந்தால் சார்ஜர் 230 வோல்ட்டுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், ஜாய்ஸ்டிக் கெட்டால் யார் சரிபார்ப்பார்கள் என்பது. சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் தூள் எங்கெல்லாம் போகும் என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சர்வீஸுக்கு ஆள் வரக்கூடிய வண்டியை இந்தியாவிலேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

வாங்குமுன் ஒரு தடவை வேலூர் கூட்டிப் போங்கள். பங்காருப்பேட்டையில் ரயிலேறினால் காட்பாடி. சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் பாகாயத்தில் 1966-ல் தொடங்கியது. தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்துக்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இருக்கையின் அகலம், கால் பலகையின் உயரம், ஜாய்ஸ்டிக் வலமா இடமா, எல்லாம் ஆளை உட்காரவைத்துப் பார்த்து முடிவு பண்ணவேண்டியவை. போட்டோவைப் பார்த்து ஆர்டர் செய்தால் இடுப்பில் புண்தான் மிச்சம்.

சரி, ஓட்டப் பழகுவது. எழுபது வயதில் முடியுமா என்று கேட்காதீர்கள். பூமிக்கடியில் மூணு கிலோமீட்டர் இறங்கி வேலை பார்த்த ஆளுங்க ஐயா! காலியான மைதானம், மிகக் குறைந்த வேகம், முதல்நாள் போவதும் நிற்பதும் மட்டும். ஜாய்ஸ்டிக்கை விட்டாலே பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பது மனசில் பதிகிற வரைக்கும் பயம் இருக்கும். பதறினால் கை இறுகும், இறுகினால் வண்டி பாயும். அதனால் "பயமா இருந்தா கையை எடுங்கப்பா" என்பதுதான் முதல் பாடம். அப்புறம் ரெண்டு செங்கல்லைச் சுற்றி எட்டு போடச் சொல்லுங்கள். கதவுக்கு முன்னாடியே வண்டியை நேராக்கிக்கொண்டு நுழையவேண்டும், நுழைந்துகொண்டே திருப்பக்கூடாது. சாய்தளத்தில் நேராக ஏறணும், குறுக்கே போனால் கவிழும். ஒன்பது அங்குலப் படிக்கு ஒன்பது அடிச் சாய்தளம் வேண்டும். இடமில்லையென்றால் மடக்குத் தகடு, கூட ஒரு ஆள். கட்டிலுக்கு மாறும்போது சுவிட்சை அணைக்கணும், சட்டைக் கை ஜாய்ஸ்டிக்கில் பட்டாலும் வண்டி நகரும். தள்ளிக்கொண்டு போவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் இருக்கும். அதைத் திறந்துவிட்டால் பிரேக்கும் கிடையாது, சரிவில் தொடவே கூடாது.

இன்னொரு விஷயம், இதில்தான் எனக்குக் கோபம் வரும். நம்மாட்கள் பல பேர் பின்னால் நிற்பவர் ஓட்டுகிற கண்ட்ரோலையும் சேர்த்து வாங்கி, அதையே நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். "அப்பாவுக்கு ஏன் சிரமம்?" என்று கேட்பார்கள். கை ரெண்டும் நன்றாக இருக்கிற மனுஷன், லட்ச ரூபாய் நாற்காலியில், அடுத்தவர் திருப்புகிற பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார். அதற்குச் சாதா வீல்சேரே போதுமே. முதல் வாரம் கூட நடப்பவர் பக்கத்தில் வரட்டும், ரெண்டாவது வாரம் பத்தடி பின்னால், அப்புறம் வாசலிலேயே நிற்கட்டும். தெருமுனை டீக்கடை வரைக்கும் தனியாகப் போய் வந்த பிறகு மற்ற இடங்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் நெரிசலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.