பேசும் பெட்டி, பூட்டிய வாய்
பழைய மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போனது டெல்லி கரோல் பாக்கின் கஃபார் மார்க்கெட். உற்பத்தி நின்றுபோன வயர்லெஸ் ரௌட்டரில் தொலைபேசி செருகும் துளையைப் பார்த்ததும், வெளிநாட்டிலுள்ள மகனோடு இன்டர்நெட் வழியே பேசலாமே என்று பெற்றோருக்குத் தோன்றும். இந்தியாவில் அதற்கு 2002 ஏப்ரல் 1-இல் அனுமதி கிடைத்தது.

ஆனால் வாங்குமுன் பூட்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில் வோனேஜ் சேவைக்கென விற்ற லிங்க்சிஸ் பெட்டிகள், வேறு சேவைக்கு வாய் திறக்காதபடி பூட்டப்பட்டவை. பூட்டில்லாததில் சேவை நிறுவனத்தின் சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் பதிந்தால் மணி அடிக்கும். குரலுக்கு முன்னுரிமை தந்தால் பேச்சு அறுபடுவது குறையும்.

செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் தந்தது. இதுவோ, கரண்ட் போனால் ஊமை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், ஆம்புலன்ஸை அழைக்க இதை மட்டும் நம்பக் கூடாது.