தேனீக்கு வேலி இல்லை



தை பிறந்துவிட்டால் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பூமியில் முந்திரித் தோப்புகள் பூத்துக் குலுங்கும். சென்ற ஆண்டு அப்பருவத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த உழவர் ஒருவர் முறம் ஒன்றை ஏந்திப் பங்குமனைக்கு வந்தார். முறம் நிறையச் செத்த தேனீக்கள்!

“சாமி, ஆறு பெட்டியில் நாலு பெட்டி போய்விட்டது. பக்கத்துத் தோப்புக்காரர் காலையிலேயே மருந்து அடித்துவிட்டார். நீங்கள்தாம் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்” என்றார்.

அவரைத் தேனீப் பெட்டி வைக்கச் சொன்னவர்களே நாம்தாம். ஆகவே அந்த முறத்தைக் கண்டபோது நமக்கும் மனம் உறுத்தியது.

மறுநாள் பக்கத்துத் தோப்புக்காரரைச் சந்தித்தோம். அவரும் நல்லவரே. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் அவருடைய முதுமரங்கள் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்றுகளை நட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இப்போதுதான் பலன் காண்கிறார். அந்த மரங்களின் துளிரையும் பூங்கொத்தையும் தேயிலைக் கொசு என்னும் பூச்சி உறிஞ்சிக் கருக்கத் தொடங்கியது. கடன் வாங்கி மருந்து அடித்தார். “என் மரத்துக்கு நான் மருந்து அடித்தேன், சாமி. அவர் தேனீ என் தோப்புக்கு வந்தால் நான் என்ன செய்வது?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அத்தேனீ அவர் தோப்புக்கு எதற்காக வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முந்திரியின் ஒரு பூங்கொத்தில் ஆண் பூக்கள் மிகுதி. காய்க்கக்கூடிய இருபால் பூக்கள் குறைவு. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதை எளிதில் எடுத்துச் செல்வதில்லை. பூச்சிகளே சுமந்து சென்று சேர்க்க வேண்டும். ஈயும் எறும்பும் ஓரளவு உதவும். தேனீயோ ஒருமுறை வெளியே கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும். ஆதலால் ஒரு மரத்தின் மகரந்தம் அதே இனத்து மற்றொரு மரத்திற்குப் பழுதின்றிப் போய்ச் சேர்கிறது. சூரியகாந்திக்குத் தேனீயின் உதவி மிக இன்றியமையாதது. நம் கொல்லையில் படரும் பூசணி, பாகல், சுரை ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். சிதம்பரத்துப் பக்கம் விளையும் நெல்லுக்கு இவ்வுதவி தேவையில்லை. எனவே வயற்காட்டு மக்கள் இதை உணராதிருப்பது வியப்பன்று.

ஆக, ஒருவர் பெட்டி வைத்தால் பக்கத்துத் தோப்புக்கும் காய் பிடிக்கிறது. நம் நாட்டு அடுக்குத் தேனீ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை சென்று இரை தேடும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேருடைய நிலங்கள் அடங்கும்! ஒருவர் காலையில் அடிக்கும் மருந்தும் அவ்வாறே மற்றவர் பெட்டிக்குள் போய்ச் சேருகிறது.

பெட்டியில் தேனீ வளர்க்கும் கலைக்கு நம் தமிழகத்தில் வித்திட்டவர் ஒரு குரு என்பதை வாசகர் பலர் அறியார். அமெரிக்கப் போதகர் லாங்ஸ்டிராத் என்பவர், அடைகளுக்கிடையே ஏறத்தாழ அரை விரற்கடை இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கும் என்று 1851இல் கண்டறிந்தார். அதனால் சட்டங்களை வெளியே எடுத்துப் பார்க்கவும், அடையைச் சிதைக்காமல் தேன் எடுக்கவும் வழி பிறந்தது. அவருடைய பெட்டி மேலைநாட்டுத் தேனீக்கானது. திருச்சியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு நியூட்டன் அடிகளார் 1910ஆம் ஆண்டளவில் நம் சிறிய தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்தார்; 1911 முதல் 1917 வரை கிராம மக்கள் பலருக்குப் பயிற்சியும் அளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்று இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பிற்காலத்தில் மார்த்தாண்டம் பகுதியில் இத்தொழில் பெரிதாய் வளர்ந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் பரவிய ‘தாய் சாக் புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் ஏராளமான பெட்டிகளைக் காலியாக்கிய பிறகும் அம்மக்கள் தொழிலைக் கைவிடவில்லை.

பெட்டி வைக்க விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். பெட்டி நிழலில் இருக்கட்டும். எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இடம் மாற்றுவதானால் தேனீக்கள் யாவும் அடைந்த பின் இரவில் மாற்றுங்கள். மேலறைத் தேனை மட்டும் எடுங்கள். புழுக்கள் வளரும் கீழறையைத் தொடவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ கிடைக்காது. அப்போது சர்க்கரைப் பாகு வையுங்கள். விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை அணுகினால், முந்திரிக்கு எப்பூச்சிக்கு எம்மருந்து, எப்போது என்பதைக் கேட்டறியலாம்.

யாவற்றுக்கும் முன்னதாகப் பக்கத்து நிலத்தாரிடம் பேசிவிடுங்கள். இதைச் சொல்ல நாம் மறந்ததன் பயனே அந்த முறம்.

இருவரையும் ஒருநாள் ஒன்றாக அமர்த்திப் பேசினோம். நான்கு உடன்பாடுகள் ஏற்பட்டன. துளிர் விடும்போதே பூச்சியைக் கவனித்து, பூ நிறைந்திருக்கும் நாள்களில் இயன்றவரை மருந்தைத் தவிர்ப்பது. தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் கூடடைந்த பின் பொழுது சாய்ந்து அடிப்பது. தூள் மருந்தை அறவே விலக்குவது, ஏனெனில் அது மகரந்தத்தைப் போல் தேனீயின் உடலில் ஒட்டிப் பெட்டிக்குள் சென்றுவிடும். முதல் நாளே சொல்லி அனுப்புவது; சொல்லியனுப்பினால் பெட்டிக்காரர் வாயிலைக் கம்பிவலையால் மூடி, காற்றோட்டத்துடன் மறுநாள் மட்டும் அடைத்து வைக்கலாம். இதனால் ஆபத்து முற்றும் நீங்கிவிடாது, பெரிதும் குறையும்.

இழந்த நான்கு பெட்டிகளுக்கு ஈடு யார் தருவது என்பதில் மட்டும் அன்று முடிவு ஏற்படவில்லை. இருவரும் முகம் கொடுத்துப் பேசச் சில வாரங்கள் ஆயின. இவ்வாண்டு முந்திரி பூக்குமுன் தோப்புக்காரர் நம்மிடம் வந்து, “சாமி, என் தோப்பு ஓரத்தில் நிழல் இருக்கிறது. இரண்டு பெட்டியை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார்.

“நீங்களே போய்ச் சொல்லுங்கள்” என்று அனுப்பி வைத்தோம். சென்று சொன்னார்.