பட்டினியும் கட்டியும்



பட்டினி கிடந்தால் புற்றுநோய்க் கட்டி கரைந்துவிடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே கிடைத்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 'உண்மைதானா?' என்று கேட்கிறீர்கள். இல்லை. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.

யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் பரிசு கிடைத்தது உண்மை. அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ஈஸ்ட் செல்களை. வெளியே உணவில்லாதபோது செல் தன்னுடைய தேய்ந்த பாகங்களையே சவ்வில் பொதிந்து, செரித்து, மூலப்பொருளாக்கிக்கொள்கிறது. குளிர் தாங்காமல் வீட்டு நாற்காலியை உடைத்து அடுப்பெரிப்பது போல. இதற்கு ஆட்டோபேஜி என்று பெயர்.

புற்றுநோயில் இது இரண்டு பக்கமும் பேசும். நோய் வருமுன் செல்லைச் சுத்தமாக வைத்துக் காப்பதும் இதுதான். கட்டி வளர்ந்தபின், ரத்தம் சரியாக எட்டாத உட்பகுதியில் கிடக்கும் புற்றுச்செல்லுக்குச் சோறு போடுவதும் இதுவேதான். ஆகவே மருத்துவ ஆய்வாளர்கள் பலர் இதைத் தூண்டப் பார்க்கவில்லை, தடுக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் கைக்குக் கிடைத்தது ஹைட்ராக்சிகுளோரோகுயின். ஆம், மூட்டுவாதத்துக்குத் தருவார்களே, கொரோனா நாட்களில் ஊரே தேடியதே, அதே மாத்திரை. செல்லின் செரிமான அறையான லைசோசோமை அது முடக்கிவிடும். முற்றிய கணையப் புற்றுநோயாளிகள் 112 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. கீமோவோடு தினம் 1,200 மில்லிகிராம் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதம். ஆனால் ஆயுள் கூடவில்லை. எனக்கு இந்த இரண்டாவது தகவல்தான் முக்கியமாகப் படுகிறது. நம் செய்தித் தலைப்புகள் முதலாவதோடு நின்றுவிடும்.

அந்த மாத்திரை தடுப்பது கடைசிப் படியை. அதுவும் குறிபார்த்து அல்ல. இப்போது முதல் படியிலேயே கை வைக்கும் சிறு மூலக்கூறுகளைச் செய்திருக்கிறார்கள். ஆட்டோபேஜியைத் தொடங்கிவைக்கும் யூ.எல்.கே.1 என்ற நொதிதான் அவற்றின் இலக்கு. அவற்றில் ஒன்றாவது மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டது.

எவ்வளவு தடுப்பது, எத்தனை நாள் தடுப்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் ஆய்வாளர் ஐலீன் வைட்டின் குழு, நுரையீரல் புற்றுநோய் வந்த எலிகளின் உடல் முழுக்க ஆட்டோபேஜியை நிறுத்திப் பார்த்தது. நல்ல திசுக்கள் கெடுவதற்கு முன்பே கட்டிகள் அடிபட்டன. ஆனால் மாதங்கள் போகப் போக எலிகளின் நரம்புகள் சிதைந்தன. அப்படி நிறுத்தப்பட்ட எலிகளைப் பட்டினி போட்டபோதோ, ரத்தச் சர்க்கரை சரிந்து இறந்தேபோயின. கட்டி அடிபடத் தொடங்குவதற்கும் நரம்பு கெடத் தொடங்குவதற்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில வாரங்களை மனித உடலில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இனி வரும் மருந்துகள் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்