சிவப்பு எச்சரிக்கை யாருக்கு? வானிலை அறிக்கை வரப்புக்கு வரட்டும்!



"அடுத்த 24 மணி நேரத்தில் கனமழை முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும்." டி.வி.யில இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! கேட்டுட்டு என்ன செஞ்சோம்? வானத்தைப் பார்த்தோம், வாய்க்காலைப் பார்த்தோம், படுத்துட்டோம். வேற என்ன செய்ய? அந்த அறிவிப்புல நம்ம ஊரும் இல்லை, நம்ம குளமும் இல்லை, அணையில எத்தனை மணிக்குத் தண்ணி திறப்பாங்கங்கறதும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிப் பாசனத்துக்காரர் யாரும் மறக்க மாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் பூராவும் பெய்கிற மழையைவிட அதிகம். ஏக்கருக்கு 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40 ஆயிரம் லிட்டர். 95க்குக் கணக்குப் போடுங்க, 38 லட்சம் லிட்டர்! வாழையும் நெல்லும் மூழ்கின, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

வெள்ளம் வடியும் முன்பே சண்டை ஆரம்பித்தது. எச்சரிக்கை தாமதம், சொன்னதைவிடப் பல மடங்கு பெய்தது என்றது சென்னை. 12ஆம் தேதியே சொல்லியாச்சு என்றது டெல்லி. சேறு படிந்த வயலில் நின்ற நமக்கு இந்தப் பட்டிமன்றத்தால் காலணா பிரயோஜனம் உண்டா?

விஷயம் என்னவென்றால், 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 20க்கு மேலே போனால் அதிகனமழை. அதோடு முடிந்தது படிக்கட்டு. 21 பெய்தாலும் சிவப்பு, 95 பெய்தாலும் சிவப்பு. 21க்கு வடிகாலை வெட்டிவிட்டால் பயிர் பிழைக்கும். 95க்கு மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கலர் அடித்தால் சம்சாரி எதைச் செய்வான்?

95 பெய்யும் என்று முதல்நாளே எந்த விஞ்ஞானியாலும் அடித்துச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறோம். வானிலைக்காரர்களைத் திட்டுவது நம்ம நோக்கம் இல்லை. ஆனால் பெய்து கொண்டிருக்கும் மழை தெரியும்தானே? மழைமானி இருக்கு, ரேடார் இருக்கு, மூணு மணி நேரத்துக்கு ஒரு முன்னறிவிப்பு இருக்கு. திடீர் வெள்ளத்துக்கென்றே 6 மணி நேர, 24 மணி நேர வழிகாட்டல் 2020லிருந்து டெல்லியில் தயாராகிறது. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் எவ்வளவு தண்ணி வருது, எவ்வளவு திறக்கிறோம்னு அதிகாரிகள் கையில் கணக்கு இருக்கு. இதெல்லாம் ஆபீசிலிருந்து ஆபீசுக்குப் போகுது. ஆற்றங்கரைத் தெருவுக்கு மட்டும் வர மாட்டேங்குது.

மலையடிவாரத்துக்காரர் பாடு இன்னும் மோசம். 2024 மே 17ல் பழைய குற்றாலத்தில் மலை மேலே பெய்த மழை கண்மூடித் திறப்பதற்குள் காட்டாற்று வெள்ளமாக இறங்கி 17 வயசுப் பையனை அடித்துப் போனது. கோடையில் வருவது வெள்ளமென்றால், அதற்கு முன்பே தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நாடே பார்த்தது. காய்ந்த புல், வெயில், காற்று மூன்றும் சேரும் நாள் எது என்று வானிலைக் கணக்கு சொல்லும். அந்த நாளில் நாமும் தோட்டத்துச் சருகுக்குத் தீ வைக்கக் கூடாது, இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகணும். தீயில் புல்பூண்டு போன சரிவில் அடுத்த மழை நிற்காது. மண்ணையும் அள்ளிக்கொண்டு நம்ம ஓடைக்குத்தான் வரும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் பயிருக்கேற்ற யோசனை சொல்ல அமைத்த வேளாண் வானிலை அலகுகளில் 199ஐ 2024ல் மூடினார்கள். செல்போனில் மேகதூத் பாரு, டி.என். அலர்ட் பாரு என்கிறார்கள். பார்க்கிறோம். கரண்டும் டவரும் போன ராத்திரியில் எதைப் பார்க்க?

நமக்கு மட்டும் கெடு உண்டு! தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் காப்பீட்டில் கேட்க முடியாது. அதிலும் நெல் வயல் மூழ்கியதை 2018ல் கணக்கிலிருந்தே எடுத்தார்கள்; 2026 காரீப்பிலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டெல்டா கொள்முதல் நிலைய வாசலில் குவித்த குறுவை நெல் நனைந்து முளைத்தது. மழை வரும்னு முன்கூட்டித் தெரிந்தும் எடை போட ஆளில்லை, சாக்கில்லை, லாரியில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று திருப்பியும் அனுப்பினார்கள்.

ஆகவே கேட்கிறோம். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே கிராமம் தோறும் வி.ஏ.ஓ. ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்: எத்தனை செ.மீ., எந்தக் குளம், அணையில் எத்தனை மணிக்கு எத்தனை கன அடி. 20 செ.மீ.க்கு மேலே தனிப்படி வேண்டும். கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நெல்லை மழைக்கு முன்பே எடுக்க வேண்டும், ஈரப்பதத்தைத் தளர்த்த வேண்டும். வடிகால் தூர்வாரலை ஆகஸ்டிலேயே முடிக்க வேண்டும். ஐப்பசியில் பொக்லைன் கொண்டுவந்து போட்டோ எடுக்கும் வேலை வேண்டாம். மூடிய அலகுகளைத் திறக்க வேண்டும்.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். சிட்டா, அடங்கல் நகலோடு வாங்க. 2023 வெள்ளத்தில் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் மடியில் கட்டிக்கொண்டு வாங்க. பெண்கள், குத்தகைக்காரர்கள் எல்லாரும் வரணும். வெள்ளம் வந்த ராத்திரி பட்டா யார் பேர்ல இருக்குன்னு அது கேட்கவில்லை.