கால்நடை நஷ்டமும் சர்க்கார் கடமையும்

குடியானவனுக்கு மாடு என்பது வெறும் உடைமையன்று. அவனுடைய முதலும் வட்டியும் அதுவே. ஒரு போகம் அழிந்தால் மறு போகத்துக்கு விதைக்கலாம். சினை மாடுகள் ஓரிரவில் மாண்டுபோனால் மந்தையை மீண்டும் உண்டாக்கப் பல வருஷங்கள் செல்லும். ஆகையால், அத்தகைய ஆபத்தில் சர்க்கார் கொடுக்கும் பணம் தருமமா, கடமையா என்பது அற்பமான கேள்வியன்று. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா ராஜ்யத்தில் நேர்ந்த ஒரு விபத்தின் வரலாறு இதற்குத் தெளிவான விடை அளிக்கின்றது.

2013ஆம் வருஷம் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அந்த ராஜ்யத்தின் மேற்கேயுள்ள மீட், பெர்கின்ஸ் முதலிய கவுண்டிகளில், அதாவது ஜில்லாக்களில், பருவந் தப்பிய பனிப்புயல் ஒன்று வீசிற்று. முதலில் மழை பெய்து மாடுகளை நனைத்தது. பின்னர்க் கடுங்காற்றுடன் பனி கொட்டிற்று. குளிர்காலத்துக்குரிய அடர்ந்த ரோமம் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை; ஒதுங்க இடமற்ற கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே அவை இருந்தன. பல்லாயிரம் மாடுகள் மடிந்தன.

அச்சமயத்தில் சர்க்காரின் நிலை யாது? 2008ஆம் வருஷத்து விவசாயச் சட்டத்தில் கால்நடை நஷ்ட ஈட்டுக்கு விதி இருந்தது. ஆனால் அது 2011 செப்டம்பர் 30ந் தேதியுடன் காலாவதியாகி விட்டது. புதிய சட்டத்தைக் குறித்து அமெரிக்கக் காங்கிரஸ் தர்க்கித்துக் கொண்டேயிருந்தது. அதுவும் போதாதென்று, செலவுக்கு அநுமதி கிடையாமையால் அக்டோபர் 1ந் தேதி முதலே விவசாய இலாகாவின் கவுண்டிக் காரியாலயங்கள் மூடிக் கிடந்தன. இறந்த மாட்டுக்கு அத்தாட்சி தேடி வைக்க வேண்டியவன் குடியானவன். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய உத்தியோகஸ்தரோ வீட்டிலிருந்தார். அந்நாட்களில் துணை நின்றவர்கள் அண்டை அயலாரே. மொன்டானா ராஜ்யத்து மாட்டுக்காரர்கள் தங்கள் மந்தைகளிலிருந்து கிடாரிகளைத் தானமாக அனுப்பியது போற்றத்தக்கது.

இறுதியில் 2014 பிப்ரவரி 7ந் தேதி புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. 2011 அக்டோபர் முதல் நேர்ந்த நஷ்டங்களுக்கும் அது செல்லும் என்றும், இனி இவ்வுதவிக்குக் காலாவதி கிடையாது என்றும் விதிக்கப்பட்டது. நியாயமே. எனினும் மனுக்கள் வாங்கப்பட்டது ஏப்ரல் 15ந் தேதி முதல்தான். புயலடித்து ஆறு மாதங்கள் கழிந்துவிட்டன. கடன் தவணைகள் அதுவரை காத்திருக்குமா?

இத்தகைய உதவி குடியானவரைச் சோம்பேறிகளாக்கும் என்று சிலர் வாதிக்கக்கூடும். இவ்வாதம் நமக்குச் சம்மதமன்று. சாதாரணமாக இறக்கும் கணக்குக்கு மேற்பட்ட சாவுக்கே பணம் உண்டு. அதுவும் சராசரிச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 பங்குதான். மிகுதி நஷ்டம் அவன் தலையிலேயே விழுகின்றது. மேலும், மனுக்களைப் பரிசீலிக்கும் கவுண்டிக் கமிட்டியின் அங்கத்தினர்கள் அவ்வூர் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். எவனிடம் எத்தனை மாடு இருந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். நெடுந்தூரத்திலிருக்கும் தலைநகரைவிட, பக்கத்தில் வாழ்பவரை ஏமாற்றுவது கடினம்.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. சட்டம் நிலைபெற்றுவிட்டது, அதை நடத்தும் காரியாலயம் நிலைபெறவில்லை. 2018-19 குளிர்காலத்திலும், 2025 அக்டோபரிலும் வரவு செலவுச் சச்சரவினால் அக்காரியாலயங்களின் கதவுகள் திரும்பவும் சாத்தப்பட்டன. புயலுக்குச் சட்டசபையின் நாட்காட்டி தெரியாது. கோட்டைக் காவலை நிறுத்தாத சர்க்கார், ஆபத்து நிவாரணத்தையும் நிறுத்தலாகாது என்பதே நமது துணிபு. நிவாரணச் சிப்பந்திகளின் சம்பளத்துக்கு முன்கூட்டியே தொகை ஒதுக்கி வைப்பது அசாத்தியமன்று. பிரஜைக்கு உரிமை என்று சட்டத்தில் எழுதிய பின்னர், அவன் வந்து கேட்கும் நாளில் கதவு திறந்திருக்கும்படி செய்வது சர்க்காரின் கடமையாகும்.